ஐம்பதுக்குப் பக்கத்தில் ஒரு கோடு

மார்ச் 3, வியாழன்

கத்தரிக்கோலைக் காணோம். மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் இருக்கிறது, நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் தடவை சுற்றும் மெஷின் இருக்கிறது, ஒரு கத்தரிக்கோல் இல்லை. எவரோ பார்சல் பிரிக்கத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கேட்டால் எல்லாரும் ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி முழிக்கிறார்கள்.

கத்தரிக்கோல் இல்லாமல் எங்களுக்கு வேலை ஓடாது. எலி மூளையை அரைத்து, அதிலுள்ள புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, உள்ளங்கை அகல வெள்ளைச் சவ்வு ஒன்றில் ஏற்றுவோம். கனமானவை மேலே, லேசானவை கீழே. பிறகு ஆன்டிபாடி. அது இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு புரதத்தை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டின இடம் ஃபிலிமில் கறுப்புக் கோடாக விழும். நாங்கள் தேடுவது செரோட்டோனின் ஏற்பி, மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனத்தை மூளையில் வாங்கிக்கொள்ளும் புரதம்; அது ஐம்பது என்ற எடைக்குறிக்குப் பக்கத்தில் விழும். அதனால் அந்த இடத்தை மட்டும் ரிப்பன் மாதிரி வெட்டி ஆன்டிபாடியில் ஊறப்போடுவோம். மீதிச் சவ்வு குப்பைத்தொட்டிக்கு. ஆன்டிபாடி ஒரு பாட்டிலில் வருவதே நாலைந்து சொட்டு. ரிப்பனுக்கு என்றால் மாதக்கணக்கில் வரும். நான் பிஎச்.டி.க்குச் சேர்ந்த முதல் நாள் சீனியர் கற்றுக்கொடுத்த சிக்கனம். ஐந்து வருஷமாக வெட்டுகிறேன். ஐம்பதுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.

இன்று பொறுமை போய்விட்டது. முழுச் சவ்வையும் அப்படியே ஊறப்போட்டுவிட்டு வந்துவிட்டேன். என் வழிகாட்டி சார் கேட்டால் கத்தரிக்கோலைக் கேளுங்கள் என்பேன்.


மார்ச் 4, வெள்ளி

இருட்டறையில் ஃபிலிமைக் கழுவி, வெளியே வந்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ஒரு கோடு இருக்க வேண்டும். பதினொன்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், மறுபடி எண்ணினேன், பதினொன்றுதான்.

கல்யாண வரவேற்பில் நிற்கிறவர் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கை கொடுப்பாரே, அப்படி. நம் ஆன்டிபாடி எல்லாப் புரதத்துக்கும் சொந்தக்காரனாக இருக்கிறது. ஐம்பதுக்குப் பக்கத்துக் கோடு அந்தப் பதினொன்றில் அழுத்தமானதுகூட இல்லை.

ஒன்றுமில்லை. கழுவினது போதவில்லை. திரும்பப் போடு.


மார்ச் 5, சனி

திரும்பப் போட்டேன். பதினொன்று. சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். “ஃபிலிமை ரொம்ப நேரம் வெச்சுட்டம்மா. அதான் குப்பையெல்லாம் தெரியுது. நேரத்தைக் குறை” என்றார். பிறகு, “எதுக்கு முழுசா போட்ட?” என்றார். கத்தரிக்கோல் கதையைச் சொன்னேன். சிரிக்கவில்லை.


மார்ச் 9, புதன்

தம்பி இன்று குளித்துவிட்டு, சாப்பாட்டு மேஜைக்கு அவனே வந்தான். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். குளிப்பதெல்லாம் எங்கள் வீட்டில் இப்போது செய்தி.

அச்சகத்தில் காகிதம் வெட்டும் கட்டிங் மெஷின் அவன் பொறுப்பு. ஏழு மாதமாகப் போகவில்லை. முதல் மூன்று மாதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தலையணைக்கு அடியில் சேர்த்து வைத்திருந்தான். “நான் சோம்பேறிக்கா, அவ்வளவுதான், அதுக்கு எதுக்கு மாத்திரை?” என்பான். அப்பா போகும்வரை அவனைச் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. அவர் போயும் அது வீட்டிலேயே தங்கிவிட்டது.

அப்புறம்தான் எங்கள் கட்டுரை பத்திரிகையில் செய்தியாக வந்தது. மன அழுத்தத்தில் வளர்ந்த எலிகளின் மூளையில் இந்த ஏற்பி குறைவு என்று கண்டோம் அல்லவா, அது. சார் நிருபரிடம் அளந்துவிட்டதில் எலி பாதி வழியிலேயே மனிதனாகிவிட்டது. தம்பி அந்தத் துண்டைக் கத்தரித்து அவன் அலமாரிக் கதவில் ஒட்டினான். அன்றிலிருந்து மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறது. நேற்று மேலாளரோடு போனில் பேசிக்கொண்டிருந்தான்: “சோம்பேறித்தனம் இல்ல சார். மூளையில ஒரு சாமான் கம்மி. எங்க அக்காவே கண்டுபிடிச்சிருக்கா.”

“எலியிலடா பார்த்தோம்” என்று எத்தனை தடவை சொல்லிவிட்டேன். “எலி என்ன நான் என்ன, ரெண்டும் பொந்துக்குள்ளதானே கிடக்குது” என்கிறான். ஜோக் அடிக்கிறான். ஏழு மாதத்துக்கு அப்புறம் என் தம்பி ஜோக் அடிக்கிறான்.


மார்ச் 14, திங்கள்

மூன்றாவது கட்டிடத்து எலிக்காரரிடம் போனேன். எலிகளை வளர்த்துக் கணக்கு வைப்பவர். அவரிடம் இந்த ஏற்பிக்கான மரபணுவையே பிறக்கும் முன்பே நீக்கிவிட்ட எலிகள் இருக்கின்றன. ஒரு மூளையும், பக்கத்துக் கூண்டு சாதாரண எலியின் மூளையும் கேட்டேன்.

“அஞ்சு வருஷமா இதே புரதத்தைத்தானே பாக்கறீங்க, இப்பதான் வர்றீங்க?” என்றார்.

 ஏற்பியே இல்லாத எலியில் கோடு மறைகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்க்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கோடு எதிர்பார்த்த இடத்தில் விழுந்தது. அதுவே போதும் என்று இருந்துவிட்டோம்.

“இந்த எலியில அது துளி கூட இருக்காது. இருந்துச்சுன்னா நான் வேலையை விட்டுட்டுப் போயிடறேன்” என்று ஐஸ் டப்பாவை நீட்டினார்.


மார்ச் 17, வியாழன்

கோடு இருக்கிறது.

ஏற்பியே இல்லாத எலியில், அதே இடத்தில், அதே கறுப்பில். இரண்டு எலியின் புரதத்தையும் ஒரே சவ்வில் பக்கத்துப் பக்கத்தில் ஏற்றியிருந்தேன். என் கையெழுத்தை மறைத்துவிட்டுப் பார்த்தால் எது எந்த எலி என்று எனக்கே தெரியவில்லை.

அப்போ நான் இத்தனை நாளா எதைப் பாத்துட்டு இருந்தேன்? அழுத்தத்துல குறையுதுன்னு எழுதினேனே — குறைஞ்சது என்ன? ஏதோ ஒண்ணு. ஐம்பது எடையுள்ள, பேர் தெரியாத ஏதோ ஒண்ணு. நானூறு எலிக்கு மேல கொன்னிருக்கேன். அஞ்சு வருஷம். அவனவன் கல்யாணம் பண்ணி, வீடு மாறி, பிள்ளையை ஸ்கூல்ல சேர்த்துட்டான். நான் ரிப்பன் வெட்டிட்டு இருந்திருக்கேன்.

கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தால் கத்தரிக்கோல் என் மேஜையில் இருக்கிறது. யாரோ திருப்பி வைத்திருக்கிறார்கள்.


மார்ச் 18, வெள்ளி

மறுபடி. அதே கோடு.


மார்ச் 25, வெள்ளி

புதுப் பாட்டில். புது எலி. அதே கோடு. மூன்று ஃபிலிமையும் எடுத்துக்கொண்டு சார் அறைக்குப் போனேன்.

வெகு நேரம் பார்த்தார். முதலில் எலி சரியில்லை என்றார். எலிக்காரர் கொடுத்த மரபணுச் சோதனைத் தாளை வைத்தேன். பிறகு என் கை சரியில்லை என்றார். இதே கையால்தான் சார் உங்களுக்கு ஐந்து வருஷமாகப் படம் எடுத்தேன் என்று வாய்வரை வந்தது.  கடைசியில் குரலைத் தணித்தார். அது கோபத்தைவிட மோசம்.

“இந்த ஆன்டிபாடிய உலகத்துல எத்தனை பேர் யூஸ் பண்றாங்க தெரியுமா? அவங்க எல்லாருக்கும் தெரியற கோடு உனக்கு மட்டும் ஏன் உறுத்துது?”

“அவங்களும் வெட்டித்தான் பாக்கறாங்க சார்.”

“நீ பாத்தியா?”

பார்க்கவில்லைதான்.

“தீசிஸை முடிம்மா. இந்தப் படத்தை உள்ள வைக்காத. வெச்சாத்தான் உண்மை, வைக்கலேன்னா பொய்யின்னு ஒண்ணும் இல்ல. எடுத்த படத்தையெல்லாம் யாரும் போடறதில்ல. பட்டம் வாங்கு, அப்புறம் நாம நிதானமா இதைச் சரி பண்ணலாம்.”

அந்த ‘நாம’ எவ்வளவு இனிப்பாக இருந்தது.


மார்ச் 29, செவ்வாய்

சீனியருக்குப் போன் போட்டேன். இப்போது வேறு ஊரில் பேராசிரியை. இந்த ஏற்பியைப் பற்றிய முதல் கட்டுரை அவளுடையது. அந்தக் கட்டுரையில்தான் அவள் நாற்காலி நிற்கிறது. எனக்குச் சொந்த அக்கா கிடையாது, அவள்தான் என்று வைத்திருந்தேன். என் முதல் வருஷம் நான் கொட்டிய ஜெல்லையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு திட்டு வாங்கினவள்.

சொன்னேன்.  “பதினொண்ணா?” என்றாள்.

நான் எத்தனை கோடு என்று சொல்லவே இல்லை.

“அக்கா, உங்களுக்குத் தெரியுமா?”

“ஆரம்பத்துல ஒரு தடவை முழுசா போட்டேன். அசிங்கமா இருந்துச்சு. சார்தான் வெட்டிக்கோன்னாரு. ஆன்டிபாடியும் மிச்சமாகும்னாரு. மிச்சமாச்சு இல்ல?” சிரிக்கப் பார்த்தாள். “அப்புறம் நானே அதை மறந்துட்டேன்டி. சத்தியமா மறந்துட்டேன். உனக்குச் சொல்லிக்கொடுக்கும்போது சிக்கனம்னுதான் நினைச்சு சொன்னேன்.”

நம்புகிறேன். அதுதான் வயிற்றெரிச்சல். அவள் பொய் சொல்லியிருந்தால் திட்டிவிட்டுப் போனை வைத்திருப்பேன்.


ஏப்ரல் 3, ஞாயிறு

இன்று தம்பியிடம் சொல்லிவிடுவது என்று அவன் அறைக்குப் போனேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நாளை முதல் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம்.

“மேலாளர் முதல்ல யோசிச்சாருக்கா. அந்த பேப்பர் கட்டிங்கைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடம்புக்கு முடியலைன்னா அது வேற விஷயம்பா, வான்னாரு.” என்னைப் பார்த்தான். “என்னக்கா? எதுக்கு வந்தே?”

“இஸ்திரி சூடு பாத்து வைடா, காலர் கருகிடும்” என்றேன்.


ஏப்ரல் 20, புதன்

மூன்றாவது அத்தியாயம் முடிந்தது. படம் 3.4. ரிப்பன். ஒரே ஒரு கோடு, பளிச்சென்று. அழகாகத்தான் இருக்கிறது.

தம்பிக்காகத்தான் என்று எழுதக் கை வருகிறது. பொய். அவனுக்காகவும்தான். ஆனால் எனக்கும் பட்டம் வேண்டும், முப்பத்து நாலு வயதில் வெறும் கையோடு வெளியே வர எனக்குப் பயம். இந்த நோட்டிலாவது வெட்டாமல் எழுதுகிறேன்.

மூன்று ஃபிலிமில் ஒன்றை இந்த டைரியின் பின்னட்டையில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். எதற்கு என்று தெரியவில்லை.


ஆகஸ்ட் 11, வியாழன்

வாய்மொழித் தேர்வு முடிந்தது. ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை. டாக்டர் என்று கூப்பிட்டு எல்லாரும் கை தட்டினார்கள். தம்பி கடைசி வரிசையில் எழுந்து நின்று தட்டினான்.


2024, ஜூன் 6, வியாழன்

கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இந்த நோட்டைத் திறக்கவில்லை. டேப் மஞ்சளாகிவிட்டது.

இப்போது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஆய்வுக்கென்று தனியாக ஒரு அறை, ஜன்னல் பாதிதான் திறக்கும். வேறு புரதம், வேறு வேலை. ‘அப்புறம் நிதானமா’ என்றாரே சார், அந்த அப்புறம் வரவே இல்லை. நானும் கூப்பிடவில்லை.

இன்று ஓர் ஆய்விதழிலிருந்து கட்டுரை ஒன்று மதிப்பிட வந்தது. ‘இந்த ஆன்டிபாடியில் உங்கள் அனுபவத்தை முன்னிட்டு’ உங்களைத் தேர்ந்தெடுத்தோம் என்று இதழாசிரியர் எழுதியிருக்கிறார். கட்டுரையை எழுதியவள் எனக்குத் தெரியாத ஒருத்தி, சின்ன ஆய்வுக்கூடம். சீனியரின் கட்டுரையை நம்பி வேலையைத் தொடங்கி, பிறகு எங்களுடையதையும் நம்பியிருக்கிறாள். கடைசியில் ஏற்பி இல்லாத எலியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். கோடு போகவில்லை. முழுச் சவ்வின் படமும் வைத்திருக்கிறாள். பதினொன்று.

தெருவில் என் முகத்தோடு இன்னொருத்தி எதிரே வந்தது மாதிரி இருந்தது. கட்டுரையின் முடிவில், இதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். திட்டவில்லை. அந்த நான்கில் இரண்டை நான் அவளுக்கு மிச்சப்படுத்தியிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

இன்னொரு மதிப்பீட்டாளரின் குறிப்பும் கூடவே வந்திருக்கிறது. பெயர் இருக்காது, வழக்கம் அப்படி. எலிகளின் தரம் ஐயத்துக்குரியது. ஃபிலிம் அதிக நேரம் வைக்கப்பட்டுள்ளது. இந்த ஆன்டிபாடியை உலகெங்கும் எத்தனையோ பேர் பயன்படுத்துகிறார்கள், இவருக்கு மட்டும் ஏன் உறுத்துகிறது. நிராகரிக்கலாம்.

பெயர் எதற்கு? நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி உட்பட எனக்குத் தெரிகிறது.


ஜூன் 8, சனி

இதழாசிரியருக்கு எழுதுவதற்கு முன்னால் ஒருத்தனுக்குச் சொல்லியாக வேண்டும். அவன் இதைப் பத்திரிகையில் படிக்கக் கூடாது.

மதியம் சொன்னேன். ஃபிலிமைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தான், அன்று நான் பார்த்த மாதிரியே. எந்தக் கோட்டை வைத்துச் செய்தியில் போட்டார்கள் என்று கேட்டான். காட்டினேன். மீதி எங்கே போனது என்று கேட்டான். வெட்டிவிடுவோம் என்றேன்.

“நாங்களும்தான் தினம் ஓரம் வெட்டறோம்” என்றான். “வெட்டிப் போடற காகிதத்துல எழுத்து இருக்கான்னு பாத்துட்டுத்தான் பிளேடை இறக்குவோம்.”

“டேய்...”

“அப்போ எனக்கு என்ன கம்மி?”

“தெரியலடா.”

“உனக்கும் தெரியாது.”

“எனக்கும் தெரியாது. ஆனா நீ சோம்பேறி இல்ல. அது எனக்கு நல்லாத் தெரியும். அதுக்குப் படம் வேண்டாம்.”

“அதுக்குத்தான் எனக்குப் படம் வேணும்” என்றான். “அப்பா செத்தப்புறமும் அந்த மனுஷனுக்குப் பதில் சொல்ல எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. எப்பத்திலிருந்து உனக்குத் தெரியும்?”

“நான் திரும்ப வேலைக்குப் போனதுக்கு முன்னாலேயேவா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “அன்னிக்கு நான் இஸ்திரி போட்டப்ப வந்தியே, இதைச் சொல்லத்தானா?” என்றான். ஆமாம் என்றேன். அவ்வளவு ஞாபகம் வைத்திருக்கிறான். ஃபிலிமை மேஜையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தச் சத்தம் எனக்குப் பழசு. ஏழு மாதம் கேட்ட சத்தம்.

நான் பண்ணது சரியா? சொல்லாம இருந்தா தப்பு. சொன்னாலும் தப்பு. இரண்டு வருஷம் முன்னாடி சொல்லியிருந்தா ஒரு தப்போட போயிருக்கும்.


ஜூன் 9, ஞாயிறு

அவன் சாப்பிட வரவில்லை. அம்மா என்னைப் பார்க்கிறாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டாள். சரிதான்.


ஜூன் 10, திங்கள்

அவன் வேலைக்குப் போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். தட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

கட்டுரை ஏற்கத்தக்கது என்று எழுதினேன். என் ஃபிலிமை ஸ்கேன் செய்து, எடுத்த தேதியோடு இணைத்தேன். என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், இதை இந்தக் கட்டுரையை எழுதியவளுக்கும் தெரிவிக்கலாம், என் பெயரோடு என்று சேர்த்தேன். அனுப்பும் பொத்தானை அமுக்கும்போது வீரம் ஒன்றும் வரவில்லை. 


ஜூன் 14, வெள்ளி

சீனியர் ஒரு செய்தி அனுப்பினாள்: ‘என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.’ 

சார் போன் செய்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. “உன் பட்டத்தை உன் கையாலயே கிழிக்கற, தெரியுதா?”

“தெரியுது சார்.”

“அந்தப் பொண்ணு உனக்கு யாரு?”

“யாரும் இல்ல சார்.”

வைத்துவிட்டார். கல்லூரி நிர்வாகம் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறது. தம்பி இன்றும் வேலைக்குப் போகவில்லை. ஐந்து நாள்.


ஜூன் 17, திங்கள்

காலையில் கிளம்பும்போது தம்பி அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் காலி. இஸ்திரிப் பெட்டி இன்னும் சூடாக இருந்தது. வேலைக்குப் போய்விட்டான். போயிட்டு வரேன் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டானாம். என்னிடம் சொல்லவில்லை.

அலமாரிக் கதவில் அந்தப் பேப்பர் துண்டு இல்லை. இருந்த இடத்தில் பெயின்ட் மட்டும் கொஞ்சம் புதுசாகத் தெரிகிறது. கிழித்திருக்கிறான், ஓரத்தில் டேப்போடு ஒரு சின்னத் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

உள்ளே, அலமாரித் தட்டில், கிழமை அச்சிட்ட மாத்திரை அட்டை இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமைக் குழி காலி, ஞாயிற்றுக்கிழமைக் குழி காலி. இன்றைய மாத்திரையும் எடுத்திருக்கிறான்.